வலது கைப் பிரிவு

ஹமானோ பெலிகன்ஸ் அணி பத்தாவது வருடமாகவும் குலுக்கலில் தோற்ற பிறகு, நிர்வாகம் உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. அணி கடைசி இடத்தில் கிடப்பதற்குக் காரணம் பந்து வீசுகிறவர்கள் இல்லை, மட்டை பிடிக்கிறவர்கள் இல்லை, அவர்களைப் பழக்குகிறவர்களும் இல்லை. காரணம், பெட்டிக்குள் போகிற கை.

பேஸ்பால் பருவம் முடிந்ததும், அக்டோபர் கடைசியில், பன்னிரண்டு அணிகளும் தோக்கியோவில் ஒரு ஹோட்டலில் கூடி, பள்ளி முடிக்கப்போகிற பையன்களைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே பையனை இரண்டு அணிகள் கேட்டால் பெட்டியில் உறை போட்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். ஓர் உறையிலுள்ள தாளில் மட்டும் 'ஒப்பந்தம் பேசும் உரிமை உறுதி' என்று அச்சிட்டிருக்கும். மற்றது வெற்றுத் தாள். பெலிகன்ஸ் வருடா வருடம் வெற்றுத் தாள்களாகவே எடுத்து வந்தது. அவற்றையும் வீணாக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு, தேதியும் எடுத்தவர் பெயரும் எழுதி, தகமட்சு நகர அலுவலகத்தின் வராந்தாவில் வரிசையாக மாட்டியிருந்தார்கள்.

இதைச் சரிசெய்யச் 'சீட்டெடுப்புத் துறை' என்று ஒன்று தொடங்கினார்கள். பதினொரு பேர் வேலைக்கு வந்தார்கள். துறைக்குள் வலது கைப் பிரிவு, இடது கைப் பிரிவு என்று இரண்டு. ஒரே மாடியில் எதிரெதிர் அறைகள். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இவர்களுக்கு நாற்காலி மேசை வாங்க வேண்டியிருந்ததால், இளையவர் அணிக்குப் பந்துவீச்சு சொல்லிக்கொடுக்கிறவரின் பதவியைத் தற்காலிகமாகக் காலியாக வைத்தார்கள். அது தற்காலிகமாகி நான்கு வருடம் ஆகிறது, வெற்றுத் தாள்களும் பதினான்காகிவிட்டன.

ஓகினோ சடயோஷிக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கடைவீதியில் சலவைக்கடை வைத்திருந்தார். வயது ஐம்பத்தைந்து. அதில் முப்பத்தொரு வருடம் பெலிகன்ஸுக்காகக் கத்தியே தொண்டை கட்டிப்போனவர். அவர் பார்த்த காலத்தில் அணி எட்டிய உச்சம் நாலாம் இடம். அந்த வருடம் அவர் கடையை ஒரு நாள் மூடி, தெருவுக்கே நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். மற்ற வருடங்களில் அக்டோபர் வந்தால் போதும், அடுத்த வருடம் யார் வருவார்கள், யார் போவார்கள் என்று சலவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் அணி எழுதிப் பார்ப்பார். வாடிக்கையாளர்கள் சட்டையோடு ஒரு பந்துவீச்சு வரிசையையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கோடையில் கடைவீதிச் சங்கம் வைத்த பரிசுக் குலுக்கலில் ஓகினோ குலுக்குப் பெட்டியின் பிடியைச் சுற்றினார், முதல் பரிசுக்கான தங்க நிறக் குண்டு விழுந்தது. போன வருடமும் அவருக்குத்தான் விழுந்தது. சங்கத்தார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உள்ளூர்ச் செய்தித்தாள் படத்தோடு நாலு வரி போட்டது. மூன்றாம் நாள் கறுப்புக் கோட்டு போட்ட இரண்டு பேர் முலாம்பழப் பெட்டியோடு கடைக்குள் வந்து குனிந்தார்கள். மூத்தவர் ஹிராய்வா, வலது கைப் பிரிவின் தலைவர்.

"ஓகினோ ஐயா, உங்க வலது கையைக் கொஞ்சம் பாக்கலாங்களா?"

"எதுக்குங்க?"

"அணிக்கு வேணும்."

உள்ளே சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி மிட்சுயோ எட்டிப் பார்த்தாள். "கையை மட்டுமா, ஆளோடவா?"

"ஆளோடதான்," என்றார் ஹிராய்வா, ஏதோ சலுகை கொடுப்பவர்போல.

"இந்த வருஷம் யாரைக் கேக்கப்போறீங்க?" என்றார் ஓகினோ. அவருக்கு அதுதான் முக்கியம்.

ஹிராய்வா குரலைத் தாழ்த்தினார். "கமோஷிதா."

கமோஷிதா இதே ஊர்ப் பள்ளிப் பையன். இடது கையால் பந்து வீசுவான். பதினெட்டு வயதில் அவன் வீசுகிற பந்தை எதிராளி பார்ப்பதில்லை, கேட்கத்தான் செய்கிறான் என்பார்கள். அந்தப் பள்ளி அணியின் சீருடைகள் எல்லாம் ஓகினோ கடைக்குத்தான் வெளுக்க வரும். அவன் கால்சட்டையில் எந்த முழங்காலில் எவ்வளவு மண் ஏறியிருக்கிறது என்பதை வைத்தே அன்றைக்கு அவன் எப்படி வீசினான் என்று சொல்லிவிடுவார். அந்தப் பையன் பெலிகன்ஸ் சட்டை போட்டு நிற்பதை ஒரு நாள் பார்த்துவிட்டால் போதும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"கை உங்களோடது," என்று நீட்டினார்.

அடுத்த வாரம் ஒப்பந்தத்தில் பதினேழு இடத்தில் முத்திரை குத்த வேண்டியிருந்தது. வலது கையைத் தேய்மானத்திலிருந்து காக்க வேண்டும் என்பதால் இடது கையால் குத்தச் சொன்னார்கள். ஆனால் இடது கையால் நடக்கிற எந்தக் காரியமும் எதிர் அறையின் அதிகாரத்துக்குள் வருவது. அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க இரண்டு நாள் ஆனது. அனுமதிக் கடிதம் வந்தபோது, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரை குத்தச் சொன்னார்கள். அதை எந்தக் கையால் குத்துவது என்று கேட்டு இன்னொரு கடிதம் போனது.

வலது கைக்குப் பட்டு உறை மாட்டினார்கள். சாப்பிடுவது, பல் தேய்ப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் இனி இடது கையால். இஸ்திரிப் பெட்டியை மிட்சுயோ வாங்கிக்கொண்டாள். கையின் பழக்கவழக்கங்களைக் குறித்துக்கொள்ளத் துறையிலிருந்து ஒருவர் தினமும் வீட்டுக்கு வந்தார்.

"எழுதிக்கங்க," என்றாள் மிட்சுயோ. "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல இந்தக் கை வீட்ல ஒரு தட்டு கழுவினதில்ல. அதான் இவ்வளவு புதுசா இருக்கு."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பயிற்சி செப்டம்பரில் தொடங்கியது. ஹோட்டலில் வைக்கிற பெட்டியைப் போலவே ஒன்று செய்து, அதே அளவு துவாரம் போட்டு, இரண்டு உறைகளைப் போட்டுக் குலுக்கினார்கள். ஓகினோ எடுப்பார், ஒருவர் பிரிப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் எழுதினவரைச் சரிபார்ப்பார். எண்ணூறு தடவை எடுத்ததில் நானூற்று ஒரு தடவை அச்சிட்ட தாள் வந்தது. ஹிராய்வா இதை வரைபடமாகப் போட்டு, 'ஐம்பது சதவீதத்தைத் தாண்டிய வரலாற்றுச் சாதனை' என்று அறிக்கை கொடுத்தார். எதிர் அறைக்காரர்கள் அதே பெட்டியில் ஒரு பூனையை விட்டு எடுக்கவைத்து நானூற்று மூன்று காட்டினார்கள். துறைத் தலைமை பூனையின் அறிக்கையை இரகசியக் கோப்பில் வைத்துப் பூட்டியது.

ஓகினோ அப்போதும் சந்தேகப்படவில்லை. பெரிய இடம், நமக்குப் புரியாத கணக்கு ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருடம் அப்படி நினைத்தே பழகிய மனுஷர்.

அவருக்கு முதல்முறையாக உறுத்தியது குனிகிற பயிற்சியில்தான். பெட்டியில் எடுப்பதற்கு ஒரு வாரம் ஒதுக்கியவர்கள் மன்னிப்புக் கேட்டுக் குனிவதற்கு மூன்று வாரம் ஒதுக்கியிருந்தார்கள். நாற்பத்தைந்து பாகை. ஏழு நொடி. கண் தரையில் இருக்க வேண்டும், ஆனால் நெற்றி படக்கருவிக்குத் தெரிய வேண்டும். உதடு நடுங்கலாம். அழுகை மட்டும் கூடாது, அது அணியின் மேலாளருக்கு உரியது. ஒரு புகைப்படக்காரர் வந்து இருநூறு படம் எடுத்தார்.

"ஜெயிச்சா என்ன செய்யணும்?" என்று கேட்டார் ஓகினோ.

ஹிராய்வா பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்னட்டை பார்த்தார். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்."

நான்காம் நாள் மேலிடத்திலிருந்து ஒற்றைவரிப் பதில் வந்தது: 'கையைத் தூக்கவும். மிதமாக.'

அன்று சாயங்காலம் ஓகினோ, இளையவர் அணி பழகுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கமோஷிதா வந்தால் அங்கேதானே முதலில் பழகுவான். யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லையாம். அதற்குப் படிவம் இல்லாததால் அனுமதி மறுக்கவும் வழியில்லாமல் போனது. மறுநாள் காலையில் ரயிலேறிப் போனார்.

மைதானம் ஊருக்கு வெளியே வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. பந்து வீசுகிற மேட்டில் புல் முளைத்திருந்தது. பந்து எறிகிற யந்திரத்தைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தால் அது மூன்று பக்கமும் எறியுமாம். பந்துவீச்சாளர்கள் உடம்பைச் சூடேற்றுகிற கொட்டகைக்குள் அணியின் முதலாளியான ஹமானோ பல்பொருள் அங்காடியின் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு இளைஞன் முட்டிபோட்டு உட்கார்ந்து விளம்பர நோட்டீஸ்களை நூறு நூறாகக் கட்டிக்கொண்டிருந்தான். ஓகினோவுக்கு அடையாளம் தெரிந்தது. மினாகுச்சி. நான்கு வருடத்துக்கு முன் குலுக்கலில் தோற்ற பிறகு அணி எடுத்துக்கொண்ட பையன். இடது கை வீச்சாளன். அவனைப் பற்றி எத்தனை சலவைச் சீட்டுகளில் எழுதியிருக்கிறார்.

"ரெண்டு வருஷமா உன்னைக் களத்துல காணோமேப்பா," என்றார்.

மினாகுச்சி இடது முழங்கையைக் காட்டினான். நீளமாகத் தையல் போட்ட தழும்பு. "சொல்லித்தர ஆளில்லைங்க. நானா வீசிப் பழகுனேன். அதுவும் தானா போயிருச்சு."

"வலி வந்தப்ப யார்கிட்டயும் சொல்லலியா?"

"யாருங்க இருக்கா சொல்ல? ஆலோசனைப் பெட்டின்னு ஒண்ணு வச்சிருக்காங்க. வலிக்குதுன்னு எழுதிப் போட்டேன். ஒரு மாசம் கழிச்சுக் கூப்பிட்டாங்க. உன் கையெழுத்து அழகா இருக்கு தம்பின்னு சொல்லி, கடையில விலைப் பலகை எழுதற வேலை குடுத்தாங்க."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். ஓகினோவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பையனின் கையைத் தின்றுவிட்டு, அந்தக் கையாலேயே முள்ளங்கி விலை எழுதவைத்திருக்கிறார்கள். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அணியின் மைதானம் என்பதால் விழுங்கிக்கொண்டார்.

எதையாவது பார்க்க வேண்டுமே என்று கீழே கிடந்த நோட்டீஸைப் பார்த்தார். அதில் அவரே இருந்தார். நாற்பத்தைந்து பாகையில் குனிந்துகொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில், 'மன்னியுங்கள். கமோஷிதா கிடைக்கவில்லை.' கீழே, 'உங்கள் ஆதரவுக்கு நன்றி சொல்லும் மூன்று நாள் மலிவு விற்பனை. உருளைக்கிழங்கு வடை பாதி விலை. கழிவறைத் தாள் ஒருவருக்கு இரண்டு கட்டு மட்டும்.' குலுக்கலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"ஆகஸ்ட்லயே வந்துருச்சுங்க. படத்துக்கு மட்டும் இடம் விட்டு வச்சிருந்தாங்க. போன வாரம் ஒட்டி அனுப்புனாங்க."

ஓகினோ ஒரு நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு வந்தார். வராந்தாவில் பதினான்கு வெற்றுத் தாள்களையும் தாண்டி அணி நிர்வாகத் தலைவர் செரிசாவாவின் அறைக்குள் நுழைந்து, மேசைமேல் அதை விரித்துவைத்தார். செரிசாவா முதலாளியின் தங்கை மாப்பிள்ளை. நல்ல மனுஷர் என்று பெயர். யாரிடமும் கோபப்பட்டதில்லை.

"படம் நல்லா வந்திருக்கு," என்றார் செரிசாவா.

"ஜெயிச்சா குடுக்கறதுக்கு நோட்டீஸ் இருக்கா?"

"அது எதுக்கு? பதினாலு வருஷத்துல நமக்கு ஒரு தாள் வீணானதில்ல, ஓகினோ ஐயா. நாட்டுல எந்தக் கம்பெனி அப்படிச் சொல்லிக்க முடியும்?"

"அப்ப நாம ஜெயிக்கணும்னு இல்லையா?"

செரிசாவா அவருக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "உக்காருங்க. நீங்க பழைய ரசிகர், உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன? ஜெயிச்சா பையன் வருவான். வந்தா சொல்லித்தர ஆள் வேணும், வைத்தியர் வேணும், மேட்டுல புல்லு வெட்டணும். சரி, எல்லாம் செஞ்சோம்னே வைங்க. பையன் நல்லா வீசுவான். அணி ஜெயிக்கும். ஒரு தடவை ஜெயிச்சா ஜனங்க அடுத்த வருஷமும் கேப்பாங்க. அந்தப் பழக்கத்தை அப்புறம் நிறுத்த முடியுமா? தோத்தா அப்படியில்ல. ஊரே மனசு கஷ்டப்பட்டு நம்ம கடைக்கு வரும். கூடை நிறைய வாங்கிட்டு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நமக்கே ஆறுதல் சொல்லிட்டுப் போகும். இவ்வளவு நல்ல ஜனங்களை ஜெயிச்சுக் கெடுக்கலாமா?"

"பின்ன எதுக்குப் பையனைக் கேக்கறீங்க?"

"கேக்கலேன்னா அக்கறை இல்லைம்பாங்களே."

"என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பதினாலு வருஷமா நானும் மேலாளரும் மாறி மாறிக் குனிஞ்சோம். ஜனங்களுக்கு எங்க உச்சந்தலை அலுத்துப்போச்சு. போன வருஷம் ஒருத்தர் செருப்பை எறிஞ்சாரு. ரசிகரே குனிஞ்சா யார் எறிவாங்க?" செரிசாவா எழுந்து, பட்டு உறை போட்ட கையை மரியாதையாகத் தட்டிக்கொடுத்தார். "தைரியமாப் போயிட்டு வாங்க. உங்க கைமேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு."

வீட்டுக்கு வந்து மிட்சுயோவிடம் சொன்னார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சீ. இது ஒரு பொழைப்பா? அந்த உறையைக் கழட்டி அவங்க மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வாங்க."

"நான் போகலேன்னா வேற எவனையாவது குனியவைப்பாங்க. போறேன். போயி ஜெயிக்கிறேன்."

"எப்படி ஜெயிப்பீங்க? அது குருட்டாம்போக்குதானே?"

"தெரியல. ஆனா ஜெயிக்கணும். பையன் வந்துட்டா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது மிட்சுயோ. அவன் வீசுறதைப் பாத்தா வெக்கப்பட்டாவது திருந்துவாங்க."

மிட்சுயோ மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்தாள். முப்பத்தொரு வருட நோய் ஒரு சாயங்காலத்தில் தீராது என்று அவளுக்குத் தெரியும்.

தோக்கியோ ஹோட்டலில் கமோஷிதாவை இரண்டு அணிகள் கேட்டன. பெலிகன்ஸ் ஒன்று. பெரிய மைதானமும் பெரிய பெயரும் உள்ள தலைநகரத்து அணி இன்னொன்று. ஓகினோ மேடை ஏறினார். ஹிராய்வா பின்னாலேயே வந்து பட்டு உறையைக் கழற்றி, வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டுபோனார். இரண்டு மாதம் வெளிச்சம் படாத கை, வேகவைத்த கோழிபோல வெளுத்திருந்தது. பெட்டிக்குள் விட்டார். எண்ணூறு தடவை பழகியதில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. மினாகுச்சியின் தழும்புதான் வந்தது. கைக்குக் கிடைத்த உறையை எடுத்தார், கிழித்தார். தாளில் எழுத்து இருந்தது.

ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். பிறகு கையைத் தூக்கினார். மிதமாக இல்லை. தோள் மூட்டு கழன்றுவிடும்படி தூக்கினார்.

கீழே பெலிகன்ஸ் மேசையில் செரிசாவா, மேலாளர், துறையின் பதினொரு பேர் எல்லோரும் பழக்கம் விடாமல் எழுந்து நாற்பத்தைந்து பாகையில் குனிந்தார்கள். ஏழு நொடி எண்ணி முடித்து நிமிர்ந்த பிறகுதான் மேடையில் என்ன நடந்தது என்று பார்த்தார்கள். மேலாளர் அதற்குள் அழுதும் முடித்திருந்தார். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அணி வெற்றியைக்கூட எவ்வளவு பணிவாக ஏற்றுக்கொள்கிறது என்று ஒரு வர்ணனையாளர் நெகிழ்ந்துபோனார்.

திரையில் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம் தெரிந்தது. கமோஷிதாவின் தோழர்கள் குதித்தார்கள். அவனும் சிரித்தான். வாய் மட்டும் சிரித்தது. ஓகினோ அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். அன்றைக்கு ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்க அவருக்கு ஆசையாக இருந்தது.

சீட்டெடுப்புத் துறை அன்று ஊர் திரும்புகிற ரயிலிலேயே விசாரணைக் குழு அமைத்தது. 'வெற்றிக்கான காரணங்களும் அது மீண்டும் நேராமல் தடுக்கும் வழிகளும்' என்பது அறிக்கையின் தலைப்பு. வலது கைப் பிரிவு தன் கை தன் கட்டுப்பாட்டை மீறியதாக ஒப்புக்கொண்டது. இடது கைப் பிரிவு, பூனையை அனுப்பியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று குறிப்பு எழுதியது. நோட்டீஸ்களை மட்டும் வீணாக்க மனமில்லாமல், 'கிடைக்கவில்லை' என்ற இடத்தில் 'கிடைத்துவிட்டார்' என்று சீட்டு ஒட்டி விநியோகித்தார்கள். 'மன்னியுங்கள். கமோஷிதா கிடைத்துவிட்டார்' என்று ஊர் முழுக்க வீட்டு வாசல்களில் கிடந்தது. இரண்டு வாக்கியமும் ஒத்துப்போகிறது என்று மிட்சுயோவுக்கு மட்டும் தோன்றியது.

எடுத்த பையனை மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் வணங்கி அழைப்பது வழக்கம். செரிசாவாவும் ஹிராய்வாவும் போனார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள் என்பதால் ஓகினோவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைமை ஆசிரியர் அறையில் செரிசாவா இருபது நிமிடம் பேசினார். பெலிகன்ஸ் ஒரு குடும்பம் என்றார். குடும்பத்தில் தோல்வி உண்டா, வெற்றி உண்டா, பாசம்தானே உண்டு என்றார். வீரர்களின் வளர்ச்சியை நிர்வாகம் ஒருபோதும் தடுத்ததில்லை, அதில் தலையிட்டதே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். கமோஷிதா முழங்காலில் கை வைத்து, எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றான்.

படமெடுத்து முடிந்ததும் அவன் ஓகினோ பக்கம் திரும்பினான். "ஐயா, துணி மூட்டை அறையில இருக்கு. எடுத்துட்டுப் போறீங்களா?"

அணியின் சீருடை மூட்டை வைத்திருந்த அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. உள்ளே போனதும் பையன் கதவைச் சாத்தினான்.

"மினாகுச்சி அண்ணன் எங்க பள்ளிக்கூடம்தாங்க. எனக்குப் பந்து பிடிக்கறதுக்கே அவருதான் சொல்லிக்குடுத்தாரு. ஒரு வருஷமா போன் எடுக்க மாட்டேங்கறாரு. எப்படி இருக்காரு?"

ஓகினோ மூட்டையின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். "நோட்டீஸ் கட்டிட்டு இருக்கான்."

"கை?"

"எழுதறதுக்கு ஒண்ணும் குறையில்ல."

பையனுக்குப் புரிந்தது. தன் இடது கையைப் பார்த்துக்கொண்டான். "ஒசாகா பக்கம் ஒரு ஆலையில அணி வச்சிருக்காங்க. அங்க சேந்தா மூணு வருஷம் இருக்கணும். அப்புறம் மறுபடி குலுக்கலுக்கு வரலாம். நல்லா சொல்லித்தர ஒருத்தர் இருக்காராம். அம்மா என் இஷ்டம்ங்கறாங்க. சாரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. நீங்க முப்பது வருஷமா இந்த அணியைப் பாக்கறீங்க. நான் வரணுமா, ஐயா?"

ஓகினோ வாயைத் திறந்தார். வா என்று சொல்ல முப்பத்தொரு வருடமாக அந்த வாய் காத்திருந்தது. அடுத்த ஏப்ரலில் முதல் ஆட்டம், மேட்டில் இந்தப் பையன், வெள்ளைச் சட்டையில் பெலிகன் பறவை, தொண்டை கிழியக் கத்தும் தான். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. தன் கையாலேயே எடுத்தது. வந்தால் திருந்துவார்கள் என்று மிட்சுயோவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. இவர்கள் எதற்காவது வெட்கப்பட்டு என்றைக்காவது பார்த்திருக்கிறோமா என்று யோசித்தார். ஒன்றுகூடத் தேறவில்லை.

"வராதப்பா," என்றார்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். இவர் வாயிலிருந்து இதை அவன் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நீங்க மட்டும் ஏங்க போறீங்க?"

ஓகினோ மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "செவ்வாக்கிழமை வெளுத்துக் குடுத்துடறேன்," என்றார்.

கமோஷிதா நவம்பர் நடுவில் அணியின் அழைப்பைப் பணிவாக மறுத்துவிட்டு ஒசாகா பக்கம் போனான். செரிசாவா பத்திரிகையாளர்கள் முன் குனிந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஹமானோ கடைகளில் இன்னொரு மூன்று நாள் விற்பனை நடந்தது. எடுத்த பையன் வராமல் போவதை ஆராய துறையில் மூன்றாவதாக ஒரு பிரிவு தொடங்கி, ஒன்பது பேரைச் சேர்த்தார்கள். இளையவர் அணியில் இன்னொரு பதவி தற்காலிகமாகக் காலியானது.

டிசம்பர் முதல் ஞாயிறு, அடுத்த பருவத்துக்கு இருக்கை பதிகிற நாள். மைதானத்தின் மூன்றாம் வாசலில் காலையிலேயே வரிசை நின்றது. குளிருக்குக் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு ஓகினோவும் நின்றார். முன்னால் நின்ற மீன்கடைக்காரர் திரும்பி, அடையாளம் கண்டு, அவருடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க குடுத்துட்டீங்க. அனுபவிக்க நமக்குத்தான் கொடுத்துவைக்கல. நல்லா வரவேண்டிய பையன். எந்தப் பாவி போயி அவன் மனசைக் கலைச்சானோ. அவன் நல்லா இருப்பானா?"

"எவனோ," என்றார் ஓகினோ.

"விடுங்கண்ணே. அடுத்த வருஷம் ஒசாகா பள்ளிக்கூடத்துல ஒரு பையன் இருக்கானாம். வலது கை. பந்து என்னமா வளையுதுங்கறீங்க? நாமதான் கேக்கப்போறோம்னு பேசிக்கறாங்க."

ஓகினோவுக்கு அருவருப்பாக இருந்தது. அணியை நினைத்தா, தன்னை நினைத்தா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போதே வரிசையை விட்டு விலகி, தெருவைக் கடந்து, ரயிலேறி வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை.

"எவ்வளவு வேகமா வீசுறான்?" என்று கேட்டார்.

வரிசை இரண்டடி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.